நான் கழுவிய கடல்

தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பனியன் துணிக்கு இன்ன நிறம் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு துண்டு வரும். அதே நிறத்தைக் குட்டிக் குட்டி டப்பாக்களில் சாயம் போட்டுப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. தண்ணீர் கெட்டால் நிறம் கெடும். அதனால் காலையில் போனதும் தண்ணீரைத்தான் முதலில் சோதிப்பேன். கடினத்தன்மை எவ்வளவு, பிஹெச் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று வாளியைப் பார்த்தே முக்கால்வாசி சொல்லிவிடுவேன் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

இந்தத் திமிருக்கு மருந்து எங்கள் வீட்டு ஹாலிலேயே இருந்தது. இரண்டரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் நூறு லிட்டர் உப்புத் தண்ணீர். உள்ளே மணல், ஓட்டை ஓட்டையாகப் பாறைக் கற்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், பாறையின் உச்சியில் காளான் மாதிரி குடை விரித்த ஒரு பவளம். பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல் அல்ல. இது உயிருள்ளது. தொட்டால் தோல் போல மெத்தென்று இருக்கும். குடை முழுக்கச் சின்னச் சின்ன விரல்களை நீட்டிக்கொண்டு நாளெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்.

அது என் வீட்டுக்காரரின் தொட்டி. அவர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடலோரத்துப் பிள்ளை கடலை நினைத்து ஏங்கித் தொட்டி வைத்தார் என்று யாரும் உருகிவிட வேண்டாம். ஊரில் இருந்தவரை கடல் பக்கம் ஒதுங்காத ஆள் அவர், நீச்சலும் தெரியாது. ஒரு கம்பெனிக்கு மெஷின் பழுது பார்க்கப் போன இடத்தில், முதலாளி அறையில் இப்படி ஒரு தொட்டியைப் பார்த்திருக்கிறார். அன்று மெஷினை மாட்டியவர் மனதை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் எங்கள் ஹாலில் டி.வி. இருந்த இடத்தில் சக்களத்தி வந்து உட்கார்ந்தாள்.

உண்மையில் எனக்கு அவள்மேல் அவ்வளவு கோபம் இல்லை. அந்த இரண்டு மீன்களில் பெரிதாக இருந்தது பெண். வீட்டில் சட்டம் போடுகிறவள் அவள்தான். ஆண் பாதி உயரம், அவள் பின்னாலேயே சுற்றுவான். பெரியவள், சின்னவன் என்றுதான் சொல்லுவோம். பெரியவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தால் சின்னவன் உடம்பை நடுக்கிக்கொண்டு ஒதுங்குவான். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஞாயிறு தோறும் தொட்டியிலிருந்து பத்து லிட்டரை எடுத்துவிட்டுப் புதிதாகப் பத்து லிட்டர் ஊற்றுவார். கேட்க இவ்வளவுதான். ஆனால் ஏற்பாடு சனிக்கிழமையே ஆரம்பித்துவிடும். ஆர்ஓ ஃபில்டரில் பிடித்த தண்ணீரை நீல வாளியில் ஊற்றி, இதற்கென்றே விற்கிற கடல் உப்பைப் போட்டு, சின்ன மோட்டார் ஒன்றை உள்ளே விட்டு மறுநாள் வரை சுற்றவிடுவார். காலையில் ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணால் உப்பின் அளவைப் பார்ப்பார். வாளியில் ஒரு தெர்மாமீட்டர், தொட்டியில் ஒரு தெர்மாமீட்டர். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் வரை காத்திருப்பார். டீ ஆறுவதற்கு இரண்டு நிமிடம் பொறுக்காத மனிதர் இவர். அதற்குப் பிறகும் வாளியைக் கவிழ்க்க மாட்டார். ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் மொண்டு, பவளத்தின் மேல் படாமல், கண்ணாடி ஓரமாக விடுவார்.

"ஏனுங்க, இந்நேரத்துக்கு எங்க பட்டறையில ஒரு லாட் துணி சாயம் ஏறிக் காஞ்சே போயிருக்குமுங்க" என்பேன்.

"துணிக்கு உசுரு இல்லட்டி. இதுக்குப் பைய ஊத்தணும்" என்பார். பைய என்றால் அவர் ஊரில் மெதுவாக.

ஒரு முறை அந்த நீல வாளியில் நான் சோப்புத் தூள் போட்டுத் துணி ஊற வைத்துவிட்டேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் புதிதாக இன்னொரு நீல வாளியோடு வந்தார். வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் சூடாகாமல் இருக்க மேலே சின்ன ஃபேன் ஓடும், தண்ணீர் ஆவியாகிக் குறையும். குறைந்ததை உப்பில்லாத வெறும் தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும் என்றபோது மட்டும் அவர் விளக்காமலே எனக்குப் புரிந்தது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயேதான் இருக்கும். என் தொழில் அந்தத் தொட்டிக்கு உதவியது அந்த ஒரு இடத்தில்தான்.

உதவாத இடத்தைச் சொல்கிறேன். சாயம் ஏற்றும் மெஷினுக்குள் துணி ஓடுகிற தண்ணீரை நாங்கள் பாத் என்போம். வேலை முடிந்தாலும் சரி, ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்தாலும் சரி, முதலில் செய்வது பாத் ட்ராப். மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்து, நுரையும் அழுக்கும் போகும் வரை கழுவுவது. துணியில் திட்டு விழுந்தால் பாத்தை இறக்கு. நிறம் மங்கினால் பாத்தை இறக்கு. இத்தனை வருடத்தில் இது என் கையிலும் புத்தியிலும் ஊறிப்போன பழக்கம்.

போன கோடையில் ஊரில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை என்றார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை, அவர் மட்டும் கிளம்பினார். நான்கு வருடத்தில் அந்தத் தொட்டியை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விட்டுவிட்டுப் போனதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வாளி. தெனமும் ஒரு சிட்டிகை தீனி. வேற ஒண்ணும் செய்யாண்டாம், கேட்டியா? எதும் ஆச்சுன்னா தொடாத. எனக்குப் போன் போடு."

"நான் தண்ணியப் பாக்காதவளாங்க? போயி அத்தையப் பாருங்க" என்றேன். அவரிடம் அப்படிச் சொன்னாலும் மனதுக்குள் ஒரு சபதம் இருந்தது. அம்மாவைப் பற்றிய கவலையோடு போகிற மனிதர். திரும்பி வரும்போது இந்த இரண்டு மீனையும் இந்தப் பவளத்தையும் விட்டுப்போன மாதிரியே அவர் கண் முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

முதல் ஞாயிறு பிசகில்லாமல் போனது. வாளி, உப்பு, தெர்மாமீட்டர், ஜக்கு, எல்லாம் அவர் செய்தபடியே. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. புதன்கிழமை காலையில் பார்த்தால் குடை சுருங்கி, மேலே மெழுகு பூசின மாதிரி ஒரு படலம். பாறைகளும் அழுக்கு ஊதாவும் பழுப்புமாக எனக்கு அன்றைக்கென்று அசிங்கமாகத் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து அவர் போன் செய்தார்.

"ஆப்பரேசனுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாவ" என்றார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "தொட்டி எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க."

ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற மனிதரிடம் பவளம் சுருங்கியதை எப்படிச் சொல்வது? அதுவரைக்கும் நான் செய்தது சரிதான். இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு.

அரை நாள் லீவு போட்டேன். தண்ணீரைச் சோதித்தேன். பிஹெச் எட்டுக்கு மேல் காட்டியது. எங்கள் பட்டறையில் துணி கழுவிய தண்ணீர் எட்டைத் தாண்டினால் கழுவியது போதவில்லை என்று அர்த்தம், ஆசிட் விட்டு இறக்குவோம். கடல் எப்போதுமே எட்டுக்கு மேல்தான் என்று அன்று எனக்குத் தெரியாது. ஆசிட் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டு வராதது எந்தச் சாமி செய்த புண்ணியமோ. ஆனால் கோளாறு தண்ணீரில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கட்டியதும் கை தானாக வேலை செய்தது. பாத்தை இறக்கினேன்.

மீன் இரண்டையும் வாளிக்கு மாற்றிவிட்டு, எண்பது லிட்டர் தண்ணீரைக் குழாய் போட்டு வெளியே விட்டேன். பட்டறையிலிருந்து கேனில் கொண்டு வந்த ஆர்ஓ தண்ணீரில் உப்பைக் கொட்டி, கையாலேயே கலக்கினேன். உப்பின் அளவைக் கருவியில் பார்த்தேன், அச்சாகச் சரியாக இருந்தது. உப்பு கரைந்து தண்ணீர் தன்னிலைக்கு வர ஒரு நாள் ஆகும் என்பதெல்லாம் அவருடைய பொறுமை வியாதி என்று நினைத்தேன். பவளம் ஒட்டியிருந்த கல்லை மட்டும் பயந்துகொண்டு விட்டுவிட்டு, மற்ற கற்களை எல்லாம் எடுத்து, போர் தண்ணீரில் துணி துவைக்கிற பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மணலை அரிசி கழுவுவது போல ஏழெட்டுத் தண்ணீர் கழுவினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து, வாங்கியபோது இருந்த வெள்ளைக்குக் கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் அடுக்கி லைட்டைப் போட்டபோது தொட்டிக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்வளவு தெளிவு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரசித்தேன். அவர் வந்து பார்த்து வாயைப் பிளப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தீனியைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சின்னவன் மணலில் சாய்ந்து கிடந்தான். பெரியவள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள். எழுந்திரு என்று அதட்டுகிற மாதிரி இருந்தது. அவனை எடுத்து, லேபில் துணி சாம்பிள் போடுகிற பிளாஸ்டிக் கவரில் வைத்து, ஃப்ரீசரில் ஊத்துக்குளி வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவருக்குத் தெரியாமல் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

முதலிபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். அவரும் இதே பைத்தியம், பட்டறை ஆபீஸ் அறையில் பெரிய தொட்டி வைத்திருக்கிறார். ஒரு முறை வீட்டுக்கு வந்தபோது நம்பர் கொடுத்திருந்தார். போன் போட்டு அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"கல்லைக் கழுவுனீங்களாங்க அம்மிணி?" என்றார்.

"ஆமாங்க."

"போர் தண்ணீலயுங்களா?"

"ஆமாங்க."

"பிரஷ் போட்டுங்களா?"

"துணி தொவைக்கற பிரஷ்ஷுங்க" என்றேன். "செரி, வாங்க. வரப்போ மூடி போட்ட வாளி ஒண்ணு கொண்டாங்க" என்றார்.

ஸ்கூட்டியில் பறந்தேன். அவர் தன் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டே பேசினார். "அழுக்குன்னு நீங்க தேச்சீங்க பாருங்க, அதுல கண்ணுக்குத் தெரியாத உசுருக இருந்துச்சுங்க. மீனு போடற கழிவத் தின்னு தண்ணியக் காப்பாத்துனது அதுதானுங்க. அது போச்சு, இப்ப அமோனியா ஏறிருச்சு. உங்க தண்ணி சுத்தமாத்தானுங்க இருக்குது. உள்ள பொழைக்கத்தான் முடியாது."

"அந்தப் பவளத்துக்கு என்ன சீக்குங்க?"

"சீக்கெல்லாம் இல்லீங்க. தோலு உரிக்குது. அப்பப்ப அப்படித்தான், ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கும். நம்ம ஒண்ணும் பண்ணாம இருந்தா தானா செரியாயிரும்."

அந்த லேத் மெஷின்களுக்கு நடுவில் எனக்கு என் தலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில் என்னைவிடக் கைதேர்ந்தவள் யாரும் கிடையாது. அப்படிப்பட்ட நேரங்களில் என் வீட்டுக்காரர் என்னை ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுவார், நானும் தானாகவே சரியாகிவிடுவேன். எனக்குக் கிடைத்த அந்தச் சலுகையை ஒரு பவளத்துக்கு நான் கொடுக்கவில்லை.

லேத் பட்டறைக்காரர் தன் தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஒரு கல்லையும், கன்னங்கரேலென்று இருந்த ஒரு ஸ்பாஞ்சையும் தொட்டித் தண்ணீரோடு என் வாளியில் போட்டுக் கொடுத்தார். காலுக்கிடையில் வாளியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வேலைக்குப் போன நாள் முதல் அழுக்கை வெளியேற்றியே பழகியவள், அழுக்கை இத்தனை பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வந்தது அன்றுதான்.

அவர் சொன்னபடி தீனியை நிறுத்தினேன். நீல வாளியில் முந்தின நாளே உப்புக் கலந்து, சுற்றவிட்டு, சூடு சரிபார்த்துத் தினமும் பத்து லிட்டர் மாற்றினேன். பெரியவள் ஓரமாகவே நின்றாள். வேலையில் இருக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம். ஒரு சாம்பல் நிறத்தை மூன்று முறை தப்பாகப் பிடித்து மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை அவளுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டேன். சாப்பிட்டாள். நான் தொட்டி முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மறுநாள் பவளத்தின் மேலிருந்த படலம் கிழிந்து, துண்டு துண்டாகத் தண்ணீரில் மிதந்து போனது. அதற்கடுத்த நாள் முன்னைவிடப் பெரிய குடையாக விரித்து, எல்லா விரல்களையும் நீட்டிக்கொண்டு ஆடியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அது இப்படித்தான் விரிந்திருக்கும். பக்கத்தில் சின்னவனும் இருந்திருப்பான்.

இத்தனை நாளும் என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து போன் செய்துகொண்டுதான் இருந்தார். மாமியார் தேறி வந்தார், வாக்கர் பிடித்து நான்கு அடி நடந்தார். "தொட்டி?" என்பார். "நல்லா இருக்குதுங்க" என்பேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். தள்ளிப் போடப் போட, சொல்ல வேண்டியது கனத்துக்கொண்டே போனது.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. செருப்பைக் கழற்றியதும் நேராகத் தொட்டியிடம் போனார், பையைக்கூட இறக்கவில்லை. பெரியவள் மேலே ஓடி வந்தாள். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து, பாறைக்குப் பின்னால், பவளத்துக்குக் கீழே என்று தேடினார்.

"சின்னவன் எங்கட்டி?"

எப்படிச் சொல்வது என்று நான்கு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வேறு என்னவோ வந்தது. "நான் கொன்னு போட்டனுங்க. பாத்த எறக்கி, கல்லையெல்லாம் தேச்சுக் கழுவி, நான்தான் கொன்னு போட்டேன். எதுக்குங்க என்ற தலையில கட்டீட்டுப் போனீங்க? ஒரு ஞாயித்துக்கெழமையாச்சும் என்னத் தொட உட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமல்ல?" என்று கத்தினேன். தப்பும் செய்துவிட்டு அவர் மேலேயே பாய்ந்தேன். என் குணம் அப்படி.

ஃப்ரீசரைத் திறந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனவர் வெகுநேரம் இறங்கி வரவில்லை. டீயை எடுத்துக்கொண்டு நான் போனேன். தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"நாலு வருசம்ட்டி" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நேரத்தில் தெரிந்த மாதிரி வேறெப்போதும் தெரிந்ததில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்ததும் அன்றுதான். டீ ஆறி ஏடு படிந்தது. அவர் அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"நீ பொய் சொல்லுதன்னு எனக்கு அப்பமே தெரியும். தண்ணி என்ன சூடு இருக்குன்னு கேட்டா, சாப்பிட்டீங்களான்னு கேக்குத."

"தெரிஞ்சுட்டே ஏனுங்க என்னக் கேக்கல?"

"கேட்டா நீ பயந்துபோய் இன்னொரு வாட்டி கழுவியிருப்ப."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எனக்கு மூக்கில் ஒழுகியது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையை எடுத்து என் முதுகில் வைத்தார். சின்னவனைத் தெருமுனை வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தோம். அன்று சாயங்காலம் அவர் வழக்கம் போல நீல வாளியில் உப்பைக் கரைத்து மோட்டாரை ஓடவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து லிட்டரை இறக்கினார். ஒற்றைக் கண்ணால் உப்பைப் பார்த்தார். இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே எண்ணுக்கு வந்தன. நான் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன், கிட்டே போகவில்லை. அவர் ஜக்கை என்னிடம் நீட்டினார்.

"நீ ஊத்து."

"நான் மாட்டேனுங்க. கையப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு."

"நடுங்குத கைதான் பைய ஊத்தும். பிடி."

ஜக்கை என் கையில் திணித்துவிட்டு, எனக்கு டீ போடுவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போய்விட்டார். தொட்டி முன்னால் பெரியவளும் நானும் மட்டும் இருந்தோம். அந்தப் பத்து லிட்டரை ஊற்றி முடிக்க எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.